லொறிக்குள் படுக்கிறவர்களின் பற்றரிக் கேள்விகள்

சீனக்குடா மா ஆலைக்குப் போய் லொறியிலேயே இரவு தங்குகிறவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன். 24 வோல்ட் லொறிகளுக்கு மட்டும், அதாவது 12 வோல்ட் பற்றரி இரண்டைத் தொடராகக் கொழுவியவை.

கந்தளாய்த் தம்பி: அண்ணை, பற்றரி இரண்டும் புதுசு. இரவில் 12 வோல்ட் ஃபிரிட்ஜும் ஃபானும் போடுகிறேன், ஒரு கிழமையில் காலையில் ஸ்டார்ட் வருகுதில்லை.

ஒரு பற்றரியில் மட்டும் வயர் கொழுவியிருப்பீர், அதுதான். ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 அம்பியர் இழுக்கும், பாதி நேரம் ஓடினாலும் சராசரி 2, ஃபானுக்கு இன்னொரு 2, பத்து மணி நேரத்தில் 40 அம்பியர் மணி அந்த ஒரு பற்றரியிலிருந்தே போய்விடும். பகலில் எஞ்சினோடு சுற்றி மின் எடுக்கிற ஓல்டர்னேட்டர் 28 வோல்ட் அளவில் இரண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் பண்ணும், எது வெறுமை என்று அதற்குத் தெரியாது. நிறைந்தது கொதித்துத் தண்ணீர் வற்றும், வெறுமையானது நிறையாமலே கிடந்து தகட்டில் சல்பேற் படியும். இரண்டும் சாகும். 24-ஐ 12 ஆக்கும் கொன்வேர்ட்டரை இரண்டுக்கும் பொதுவாகப் போடும், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸும் வையும்.

மூதூர்: ரைஸ் குக்கர் போடலாமா?

500 வாட் என்றால், பற்றரி மின்னை வீட்டு மின்னாக்கும் இன்வேர்ட்டரின் இழப்போடு 24 அம்பியர் மட்டில். எஞ்சின் ஓடும்போது மட்டும்.

நிலாவெளி அண்ணன்: 12 வருடமாக ஒரு பற்றரியில்தான் பாட்டுச் செட் வைத்திருக்கிறேன். சும்மா பயப்படுத்தாதையும்.

செட் இழுப்பது கொஞ்சம் அண்ணை, ஃபிரிட்ஜ் அப்படியில்லை. இரண்டையும் மீற்றரால் தனித்தனியே அளந்து பாருங்கள்.

அதே அண்ணன்: அளந்தேன், 12.6, 12.5. மாதாமாதம் இரண்டையும் இடம் மாற்றிப் போடுவேன்.

சரி, அதுதான் காப்பாற்றியிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே இரவில் 40 போகிற லொறிக்கு மாதம் ஒருமுறை மாற்றி என்ன வரும்? தம்பிமாருக்கு இதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கிண்ணியா: பற்றரி எத்தனை வோல்டுக்கு இறங்கினால் பாவிப்பதை நிறுத்த வேண்டும்?

எதுவும் மின் இழுக்காதபோது இரண்டையும் சேர்த்து அளந்தால் 24.4, அது பாதிச் சார்ஜ். நிறைந்தது 25.2க்கு மேலே காட்டும். ஸ்டார்ட் பற்றரியின் தகடு மெல்லியது, பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். வசதியிருந்தால் ஃபிரிட்ஜுக்கென்று தனியாக, அடிக்கடி இறக்கி ஏற்றினாலும் தாங்குகிற டீப் சைக்கிள் பற்றரி இரண்டு வைத்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் இணைக்கிற ரிலேயும் போடுங்கள்.

தம்பலகாமம்: கிணற்றுத் தண்ணீர் விடலாமா?

வேண்டாம். பற்றரித் தண்ணீர் மட்டும்.

உப்புவெளி: ஒரு பற்றரியில் சின்ன ஏசி?

ஒரு பற்றரியில் எதுவுமே வேண்டாம், மேலே வாசியும். ஏசிக்கு இந்த இரண்டு பற்றரியும் சேர்ந்தாலும் விடியும்வரை காணாது. கடற்கரையில் லொறி நிறுத்துகிறீர், முதலில் டெர்மினலில் பூத்திருக்கிற பச்சையைச் சுரண்டிக் கிரீஸ் பூசும்.