சொல்லும் பொருளும்: ‘அதிர்ச்சி’ குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: 2022 பிப்ரவரியில் சுமத்ராவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக் ஆடியதைப் பற்றிக் கட்டுரை எழுதிய என் மகள், ‘நில அதிர்ச்சியை உணர்ந்தோம்’ என்று குறிப்பிட்டிருந்தாள். ஆசிரியர் அதை ‘நில அதிர்வு’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்தாமே? அவள் எழுதியது பிழையா? (ஈசூன் வாசகி)

பதில்: ஆசிரியர் செய்த திருத்தம் சரியானது, ஆயினும் உங்கள் மகள் இலக்கணப் பிழை எதையும் செய்துவிடவில்லை. ‘அதிர்’ என்னும் வினையடியோடு ‘வு’ சேர்ந்தால் அதிர்வு, ‘சி’ சேர்ந்தால் அதிர்ச்சி. இரண்டும் தொழிற்பெயர்களே. தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்கும் இத்தகைய இணைகளை, மக்கள் வழக்கு காலப்போக்கில் தனித்தனி வேலைக்கு அமர்த்திவிடுகிறது. கோவிட் காலத்தில் ‘கட்டுப்பாடுகளில் தளர்வு’ என்ற செய்தியைக் கேட்டு மகிழ்ந்தோம். அந்த இடத்தில் ‘தளர்ச்சி’ என்று எவரும் சொல்லவில்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்பதை ‘நரம்புத் தளர்வு’ என்று நாம் மாற்றுவதுமில்லை. உணர்வும் உணர்ச்சியும் இவ்வாறே பிரிந்தவை. அதிர்வு பொருள்களுக்கும் அதிர்ச்சி பெரும்பாலும் மனத்துக்கும் உரியவை என்ற பங்கீடும் இப்படி உருவானதுதான். கைப்பேசி அதிர்வு, மேளத்தின் அதிர்வு, அதிர்வெண் ஆகிய அனைத்தும் முதல் வகையைச் சேர்ந்தவை.

இந்தப் பங்கீடு மிகப் பழையதன்று. தமிழ் விவிலியத்தில் ‘பூமியதிர்ச்சி’ என்ற சொல் இருப்பதைத் தேவாலயம் செல்லும் வாசகர்கள் அறிவார்கள். உங்கள் மகள் எழுதியது அந்தப் பழைய வழக்குக்கு நெருங்கியதே என்பதை அவளிடம் அவசியம் சொல்லுங்கள். இங்கே நாம் உணர்வது, சில நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சுமத்ராவில் எழுந்து, நம்மை வந்தடைவதற்குள் வலுவிழந்துவிட்ட அலைகளை. அவற்றுள் மெதுவாக அசையும் நீண்ட அலைகளே தொலைதூரம் தாங்கி வருவதால், தரையில் நடப்பவர் ஒன்றையும் அறியாதிருக்கும்போது, உயர்ந்த மாடியில் இருப்பவர் வீட்டில் தொங்குவிளக்கு ஊசலாடுகிறது. ஆகவே கட்டடம் ஆடியது அதிர்வு. அதைக் கண்டு உங்கள் குடும்பத்தார் நெஞ்சில் ஏற்பட்டது அதிர்ச்சி. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் அமைத்து எழுதிப் பார்க்கும்படி அவளிடம் சொல்லலாம்.

பேச்சு வழக்கிலும் இந்த வேர் உயிரோடு இருக்கிறது. ‘அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்’ என்று சாந்தமான ஒருவரைப் பாராட்டுகிறோம். கீழ்வீட்டாருக்குத் தொல்லையாகுமே என்று பிள்ளைகளிடம் ‘தரை அதிர நடக்காதே’ என்கிறோம். ‘எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்’ என்பது அறிவுடைமை அதிகாரத்துக் குறள் (429). அங்கே ‘அதிர’ என்பதற்குப் பரிமேலழகர் ‘நடுங்க’ என்று உரை காண்கிறார். எதிர்பாராமல் வந்து மனிதரை உலுக்கும் துன்பத்தைக் குறிக்க, ‘திடீரென’ என்ற சொல்லே இல்லாமல், ‘அதிர வருவது’ என்ற இரு சொற்களில் வள்ளுவர் முடித்திருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கேள்வி: என் தந்தையார் கடுமையான கிருமித்தொற்றுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, அவர் ‘ஷாக்’கில் இருப்பதாக மருத்துவர் கூறினார். நான் அதை ‘அதிர்ச்சி’ என்று மொழிபெயர்த்ததும், ‘அப்பாவிடம் யார் என்ன சொன்னீர்கள்?’ என்று அத்தை அழத் தொடங்கிவிட்டார். வேறு எவ்வாறு சொல்லியிருக்க வேண்டும்? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: உங்கள் அத்தையைக் குறை சொல்ல முடியாது. தமிழில் அதிர்ச்சி என்றாலே, காதில் விழுந்த ஏதோ ஒரு செய்தியைத்தான் மனம் முதலில் தேடும். மருத்துவர்கள் சொல்லும் ‘ஷாக்’ மனநிலையன்று. ரத்த ஓட்டம் போதாமல் போய், மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகளுக்கு வேண்டிய பிராணவாயு கிடைக்காத ஆபத்தான உடல்நிலை அது. கடும் கிருமித்தொற்று, மிகுதியான ரத்தப்போக்கு, தீவிர ஒவ்வாமை, இதயம் வலுவிழத்தல் என்று அதற்குக் காரணங்கள் பல. நூல்களில் ‘அதிர்ச்சி நிலை’ என்று எழுதுகிறார்கள். துறை சார்ந்தோருக்கு அது போதும். குடும்பத்தாரிடம் பேசும்போது கலைச்சொல்லைத் தேடாமல், ‘கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது, உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகவில்லை’ என்று விளக்கமாகவே சொல்லிவிடுங்கள். உறவினர் ஒருவர்மீது ஒருவர் பழி சுமத்தும் நிலையை இந்த ஒரு வாக்கியம் தவிர்க்கும். மேலும், மனம் அதிர்ந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்வது நம் வழக்கம். ஆனால் உடல் சில்லிட்டு, வியர்த்து, நாடி விரைந்து, நினைவு குழம்பும் ஒருவருக்கு அது உதவாது. உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும். இங்கே சொல் மயங்கினால் நேரம் வீணாகும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி: ‘ஷாக் அடித்தது’ என்பதற்கு நல்ல தமிழ் என்ன? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: நிகழ்வுக்குப் பெயர் மின்னதிர்ச்சி, வாக்கியமாக எழுதும்போது ‘மின்சாரம் தாக்கியது’ என்பதே இயல்பு. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் உடையது. அது உடலில் பாயும்போது தசைகள் இறுகிப் பிடித்துக்கொள்வதால், பொருளைத் தொட்ட கையை விடுவிக்க முடியாமலும் போகலாம். மின்கசிவு ஏற்பட்ட கணத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்ற விதி இங்கு 2023 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. பழைய வீட்டில் பெற்றோர் வசிக்கிறார்கள் என்றால், மின்பெட்டியைத் திறந்து அந்தக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் அறுபதாம் பிறந்தநாளைப் பிள்ளைகள் எனக்குத் தெரியாமலேயே ஏற்பாடு செய்திருந்தார்கள். நன்றியுரையில் ‘இன்ப அதிர்ச்சி’ என்றேன். அது முரண்பட்ட தொடர் என்று நண்பர் கூறுகிறார். (தோ பாயோ வாசகர்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். அதிர்தல் என்பது அசைவைக் குறிக்குமேயன்றி, அந்த அசைவு துன்பத்தால்தான் வர வேண்டும் என்று அந்தச் சொல் விதிக்கவில்லை. அரங்கம் அதிரக் கைதட்டுகிறோமே! அதிர்ச்சி என்று மட்டும் சொன்னால் துன்பத்தின் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால்தான் ‘இன்ப’ என்ற அடை தேவைப்படுகிறது. எனக்கு உள்ள வருத்தம் வேறு. வெங்காய விலை சற்று உயர்ந்தாலும் ‘அதிர்ச்சி’, விளையாட்டாளர் ஒருவர் தோற்றாலும் ‘அதிர்ச்சி’ என்று தலைப்பிட்டுக்கொண்டே போனால், உண்மையில் ஒரு குடும்பத்தையே உலுக்கும் இழப்பு நேரும்போது சொல்வதற்கு என்ன மிஞ்சும்? கணநேரத்துக்குத் திடுக்கிட்டோம், துணுக்குற்றோம் என்று எழுதலாம்; என்ன செய்வதென்று தெரியாமல் மனம் நின்றுவிட்டால் திகைத்தோம் எனலாம்; பேச்சில் ‘பகீரென்றது’, ‘தூக்கிவாரிப்போட்டது’ ஆகியவை இருக்கின்றன. நெடுநேரம் விலகாமல் உள்ளே நின்று ஆட்டுவதற்கே அதிர்ச்சி என்ற சொல்லை வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

கேள்வி: அதிர்ச்சி, அதிர்ஷ்டம் இரண்டும் உறவுச் சொற்களா? (உயர்நிலைப்பள்ளி மாணவர், ஜூரோங்)

பதில்: இல்லை. அதிர்ஷ்டம் வடசொல், ‘காணப்படாதது’ என்பது அதன் பொருள். ஒலி ஒத்திருப்பது தற்செயல்.