சோற்றிலுள்ள மாப்பொருள் உடலுக்கு எவ்வாறு சக்தியாகிறது?

கிளிநொச்சியில் காலையில் பழஞ்சோறு உண்டு வயலில் இறங்குபவருக்கு மதியம் வரை வலு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். சோறு, மரவள்ளி, குரக்கன் ஆகியவற்றிலுள்ள மாப்பொருள் ஒருவகைக் காபோவைதரேட்டு. அது உமிழ்நீரிலும் சிறுகுடலிலும் உள்ள நொதியங்களால் (சமிபாட்டைத் தூண்டும் புரதங்களால்) குளுக்கோசு என்னும் எளிய வெல்லமாக உடைக்கப்பட்டு இரத்தத்தை அடைகிறது. இன்சுலினின் உதவியுடன் தசைக்கலங்களுக்குள் புகும் குளுக்கோசு, முதலில் பைருவேற்று என்னும் சிறிய சேர்வையாகவும், பின்னர் கலத்தினுள் சக்தியை வெளிப்படுத்தும் நுண்ணுறுப்புகளான இழைமணிகளில் ஒட்சிசனின் துணையோடு காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறும்போது வெளிப்படும் சக்தியின் ஒரு பகுதி, கலங்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சக்திக் காவியான ஏ.ரி.பி. மூலக்கூறுகளில் சேமிக்கப்படுகிறது, மண்வெட்டியை உயர்த்தும் தசை சுருங்குவது அந்த ஏ.ரி.பி.யினாலேயே. ஒரு கிராம் காபோவைதரேட்டு ஏறத்தாழ 4 கிலோகலோரி தரும். உடனே தேவைப்படாத குளுக்கோசு ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்னும் சேமிப்புக் காபோவைதரேட்டாகச் சேர்கிறது. பலர் கவனிக்காத வேறுபாடு இங்கேதான் உள்ளது: ஈரல் தன் இருப்பை இரத்தத்தில் விடுவித்து மூளைக்கும் உதவுகிறது, தசையின் இருப்போ அந்தத் தசைக்கு மட்டுமே பயன்படும்.