டிராக்டருக்கு முன்னால் புல்வெட்டி: கேள்வி பதில்

35 முதல் 50 எச்.பி. வரையிலான சாதா டிராக்டரின் முன்பக்கம் புல்வெட்டும் கருவி மாட்டுவது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (பொள்ளாச்சி, தென்னந்தோப்பு): ஐயா, 45 எச்.பி. வண்டி, பின்னால் 5 அடி ஸ்லாஷர் (கத்தி கிடையாகச் சுழன்று புல் வெட்டும் கருவி). டயர் ஏறின புல் படுத்துக்கொள்கிறது, அடுத்த நாளே எழுந்து நிற்கிறது. முன்னால் மாட்டினால் சரியாகுமா?

பதில்: சரியாகும். அதற்கு முன் ஒரு டேப்பை எடுத்து, பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளந்து பாருங்கள். உங்கள் ரக வண்டியில் பெரும்பாலும் 1.7 மீட்டருக்குக் குறையாது. 5 அடி என்பது 1.52 மீட்டர்தான். டயர் மிதித்த புல்லின் ஒரு பகுதிக்குக் கத்தியே போய்ச் சேரவில்லை! 6 அடி ஸ்லாஷர், அல்லது ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டும் வகை வாங்கினால் உங்கள் குறை தீர்ந்துவிடும். தோப்புக்கு முன்பக்கக் கருவி வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். நிற்கும் தீவனத்தை மிதிக்காமல் அறுக்க வேண்டியவர்கள், தாழ்ந்த கிளைக்கு அடியிலும் வேலி ஓரத்திலும் கத்தியை மட்டும் நீட்ட வேண்டியவர்கள், இவர்களுக்குத்தான் அது அவசியம்.

கேள்வி (நாமக்கல், பால் பண்ணை): எங்களுக்குத் தீவனச்சோளமும் குதிரைமசாலும் அறுக்கணும். முன்னால் சுற்று எங்கிருந்து எடுப்பது? கிராங்க் புல்லியில் பெல்ட் போட்டுக் கொடுக்கலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: வேண்டாம். கிராங்க் மூக்கு, அதாவது எஞ்சின் தண்டின் முன் முனை, ரேடியேட்டர் விசிறியையும் டைனமோவையும் சுற்றுவதற்காக வைத்தது. அதில் 20 எச்.பி. பெல்ட்டைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டினால் முன் மெயின் பேரிங் ஒரு பக்கமாகவே தேயும். வெளிநாட்டில் முன் பிடிஓ (கருவிக்குச் சுற்று கொடுக்கும் தண்டு முனை) பொருத்துகிறவர்கள் கிராங்கிலிருந்து எடுக்கிறார்கள்தான். ஆனால் நேர்கோட்டில் ரப்பர் கப்ளிங் வைத்து, தனி கிளட்ச்சும் கியர்பாக்ஸும் போட்டு எடுக்கிறார்கள். அந்தச் செலவுக்கு இங்கே பழைய டிராக்டரே வாங்கிவிடலாம்.

நம் நாட்டில் இதற்கு நன்றாகப் பழகிய வழி ஒன்று இருக்கிறது. நெல், கோதுமை அறுக்க டிராக்டருக்கு முன்னால் மாட்டும் ரீப்பரைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சுற்று பின் பிடிஓவிலிருந்துதான் வருகிறது. பின்னால் ஒரு சிறு பெட்டி வைத்துச் சுற்றைக் கீழே இறக்கி, அங்கிருந்து நீளத் தண்டு ஒன்று வண்டியின் வயிற்றுக்கு அடியில் முன்னால் போகிறது. கருவியைத் தூக்குவதும் பின் லிஃப்ட்தான்: ஒயர் ரோப், கப்பி, அவ்வளவே. இதையே பின்பற்றுங்கள்.

தண்டை ஒரே நீளமாக விடாமல் நடுவில் பிளம்மர் பிளாக் (பேரிங் உள்ள தாங்கி) வைத்துத் தாங்க வேண்டும். கிராஸ் ஜாயின்ட் (தண்டு மடங்கியபடி சுற்ற விடும் மூட்டு) இரண்டு முனையிலும் ஒரே கோணத்தில் மடங்க வேண்டும், தண்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து அதிரும். ஓடும்போது கோணம் 15 டிகிரிக்குள் இருக்கட்டும். முன் அச்சு நடு முளையில் ஆடுகிறது என்பதை மறக்காதீர்கள். ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் முழுக்கத் தூக்கி, தண்டில் அச்சு இடிக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். நாலு சக்கர இழுவை வண்டி என்றால் அந்த இடத்தில் முன் அச்சுக்குப் போகும் தண்டு ஏற்கெனவே ஓடும். பக்கவாட்டில் ஒதுங்கித்தான் போக வேண்டும். தண்டு முழுக்கத் தகட்டு மூடி கட்டாயம்.

இன்னொன்று, தீவனத்துக்கு ஸ்லாஷர் வேண்டாம், சின்னாபின்னமாக்கி மண்ணோடு கலந்துவிடும். கத்தரி போல இடமும் வலமும் ஓடி அறுக்கும் கட்டர் பார் போடுங்கள்.

கேள்வி (திருச்சி, லேத் பட்டறை): அண்ணே, வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய் ஸ்லாஷரைத் திருப்பி முன்னால் வைத்தோம். கத்தி தலைகீழாகச் சுற்றுகிறது. ஏன்?

பதில்: இறக்கும் பெட்டியில் செயின் போட்டிருப்பீர்கள், தம்பி. பின் பிடிஓ, வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கடிகாரச் சுற்று. செயின் அந்தச் சுற்றை மாற்றாது. அதே தண்டு முன்னால் வந்து நிற்கும்போது, வண்டியின் முகத்தைப் பார்த்து நிற்பவனுக்கு அது எதிர்ச்சுற்று. ஸ்லாஷர் கியர்பாக்ஸோ தன் எதிரில் இருக்கும் முனை கடிகாரச் சுற்றாக ஓடும் என்று எண்ணிச் செய்தது.

செயினை எடுத்துவிட்டு, ஒன்றையொன்று நேராகக் கடிக்கும் இரண்டு கியர் போடுங்கள், சுற்று திரும்பிவிடும். பல் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும். பின்னால் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் முன்னாலும் 540 வர வேண்டும். ஸ்லாஷர் கியர்பாக்ஸ் அதைக் கூட்டி, 1.5 மீட்டர் வட்டத்தில் வெட்டும் கத்தி நிமிடத்துக்கு 1000 சுற்று ஓடினால் அதன் நுனி வினாடிக்கு 78 மீட்டர் போகிறது. சுற்றை இன்னும் கூட்டினால் புல் நன்றாக வெட்டுப்படும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தட்டைக் கத்தியைத் திருப்பி மாட்டி ஓட்டினாலும் வெட்டும். கியர்பாக்ஸில் நேர்ப்பல் பெவல் (சுற்றைச் செங்கோணத்தில் திருப்பும் கூம்புக் கியர்) இருந்தால் அது தாங்கும். சுருள்பல் என்றால் தள்ளுவிசை மறுபக்கம் மாறி பேரிங்கைத் தின்றுவிடும்.

கேள்வி: தண்டெல்லாம் எதற்கு? டிராக்டர் ஹைட்ராலிக்கில் ஓஸ் எடுத்து மோட்டார் வைத்தால்?

பதில்: கணக்குப் போடுங்கள். வண்டியின் பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் எண்ணெய், 150 பார் அழுத்தம் கொடுக்கிறது என்று வைத்தால் 7.5 கிலோவாட். சுமார் 10 எச்.பி. மோட்டாரில் இழப்பு போக 8 கிடைத்தால் அதிர்ஷ்டம். சிறு கட்டர் பாருக்கு அது போதும், 5 அடி ஸ்லாஷருக்குப் போதவே போதாது. பிடிஓவில் தனி பம்ப், வேகம் கூட்டும் கியர்பாக்ஸ், பெரிய எண்ணெய்த் தொட்டி, ஆயில் கூலர் என்று போனால் ஓடும், செலவும் ஓடும். போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வால்வைப் பட்டென்று மூடினால் சுற்றிக்கொண்டிருக்கும் கத்தி மோட்டாரையே பம்ப் ஆக்கி ஓஸை வெடிக்க வைக்கும். மூடிய நிலையிலும் எண்ணெய் சுழலவிடும் மோட்டார் ஸ்பூல் வால்வுதான் வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): முன் அச்சு தாங்குமா ஐயா? கருவி 250 கிலோ வரும்.

பதில்: 250 கிலோ 250ஆக இறங்காது. சக்கர இடைவெளி 1.9 மீட்டர், கருவியின் எடை மையம் முன் அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் என்று வைத்தால், தூக்கிய நிலையில் முன் அச்சில் கூடுவது சுமார் 380 கிலோ. பின் சக்கரத்திலிருந்து 130 கிலோ கழன்றுபோகும். பிரேக்கும் பிடிப்பும் பின்னால்தானே இருக்கின்றன, சரிவில் அது விபரீதம். பின் லிஃப்ட் கையில், அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் 90 கிலோ சிமெண்ட் கட்டை தொங்கவிட்டால் பின்பக்கம் இழந்த எடை திரும்பிவிடும், முன்னாலும் 40 கிலோ குறையும். இதற்கு மேல் முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

அச்சைவிட எனக்குப் பயம் போல்ட்டைப் பற்றித்தான். நம் டிராக்டருக்கு லாரி போல சேஸி கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸுமே உடம்பு. பம்பர் மாட்டும் முன் வார்ப்பில் மட்டும் கருவியைத் தொங்கவிட்டால், குழியில் இறங்கும் ஒவ்வொரு அதிர்வும் எஞ்சினின் முன் போல்ட்டுகளில் போய் நிற்கும். டோசர் பிளேடு மாட்டும்போது பின் அச்சு உறை வரை சேனல் இழுத்துக் கட்டுவதைப் பாருங்கள், அப்படித்தான் கட்ட வேண்டும். கருவிக்குச் சொந்தமாக இரண்டு சுழல் சக்கரம் வைத்து, ஒயர் ரோப்பைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். வேலை நேரத்தில் எடையை அந்தச் சக்கரங்களே சுமந்துகொள்ளும், மேடு பள்ளத்துக்கும் வளைந்து போகும்.

கேள்வி: கிளட்ச் மிதித்தாலும் வண்டி நகர்கிறது. பழுதா?

பதில்: பழுது இல்லை. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கனமான கத்தி சுற்றும் வேகம் பிடிஓ வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளுகிறது. ஸ்லாஷருக்கு முன் கிணறோ வாய்க்காலோ இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிடிஓ முனையில் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஓவர்ரன்னிங் கப்ளிங் போடுங்கள். அதைப் போடாமல் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

கேள்வி (தேனி): அரை மணி நேரத்தில் எஞ்சின் சூடாகிறது. முன்பு இல்லை.

பதில்: கத்தி கிளப்பும் தூசியும் சருகும் நேராக ரேடியேட்டருக்குப் போகின்றன, அம்மா. முன்பக்கக் கருவியின் சாபமே இது. கொசுவலை அளவுக் கம்பி வலையை, கையால் உருவி எடுக்கும்படி, ரேடியேட்டருக்கு முன் பொருத்துங்கள். முகப்பு வலை பெரிய கண் உடையது, அதை நம்பாதீர்கள். ரேடியேட்டர் இடுக்கைக் காற்றால் ஊதும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து ஊத வேண்டும். முன்னாலிருந்து ஊதினால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும்.

கேள்வி: பள்ளி மைதானத்துக்கு ஓட்டலாமா? மானியம் உண்டா?

பதில்: முன் ஸ்லாஷர் எறியும் கல் முன்னால்தான் பறக்கும். முன் விளிம்பு முழுக்கச் சங்கிலித் திரை தொங்கவிட்டு, பிள்ளைகள் இல்லாத நாளில் ஓட்டுங்கள். பட்டறையில் செய்த கருவிக்கு மானியம் கிடையாது. வேளாண் பொறியியல் துறை கொடுப்பது அங்கீகரித்த கருவிகளுக்குத்தான்.