ஏழு தந்தி லைராவும் ஜாஸ் கிட்டாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஜாஸ் கிட்டார் வாசிப்பவன். நண்பர் ஒருவர் கிரேக்கத்திலிருந்து ஏழு தந்தி லைரா ஒன்றை வரவழைத்திருக்கிறார். ஆமையோட்டு வடிவக் குடம், தோல் போர்த்திய முகப்பு, குடல் தந்திகள், தந்தி நீளம் 45 செ.மீ. இருவரும் சேர்ந்து வாசிக்கப் பார்க்கிறோம், ஒட்டவில்லை. லைராவின் மேல் தந்தியை என் கிட்டாரின் முதல் தந்தியின் 10ஆம் ஃபிரெட்டில் (விரல் வைக்கும் உலோகக் கட்டில்) வரும் டி என்ற சுரத்துக்கு ஏற்றினால் அறுந்துபோகிறது. பழைய கிரேக்கக் கணித அறிஞர் ஆர்க்கிட்டாஸின் கணக்கில் சுருதி வைத்தால் கிட்டாரோடு உரசுகிறது. நான் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாற்றினாலும் லைரா அதே ஏழு சுரத்தில் நிற்கிறது. ஃபிரெட்டே இல்லாத கருவியை ஜாஸில் எப்படிச் சேர்ப்பது? 2010இல் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாயிடும் கிரேக்கப் பாடகி மரியா ஃபரன்தூரியும் ஏதென்ஸில் நடத்திய கச்சேரியில் ஒலிப்பது இந்த லைராதானா?

கா.

அன்புள்ள கா.,

கடைசிக் கேள்வி சுலபம், முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை. அந்தக் கச்சேரியில் சோக்ரட்டீஸ் சினோபூலோஸ் வாசிப்பது வில்போட்டு வாசிக்கும் கான்ஸ்டான்டினோப்பிள் லைரா. பெயர் மட்டும்தான் ஒன்று. அதை வைத்து உங்கள் கருவியின் ஒலியைக் கற்பனை செய்யாதீர்கள்.

தந்தி அறுவதற்கு வருவோம். தந்தி நீளத்தை மீட்டரிலும் சுரத்தின் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸிலும் எடுத்துப் பெருக்குங்கள். விடை 260ஐ நெருங்கினால் குடல் தந்தி தாங்காது. நீங்கள் கேட்கும் டி 587 ஹெர்ட்ஸ். 0.45ஆல் பெருக்கினால் 264. மெல்லிய தந்தி மாட்டிப் பயனில்லை. விட்டம் குறைந்தால் இழுவிசை குறையும், தந்தியின் வலுவும் அதே அளவு குறையும். ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) இறக்கிவிடுங்கள். லைராவின் அடித்தந்தி உங்கள் 4ஆம் தந்தி 2ஆம் ஃபிரெட்டின் ஈ, மேல்தந்தி 2ஆம் தந்தி 3ஆம் ஃபிரெட்டின் டி. விட்டம் மேல்தந்திக்கு 0.7 மி.மீ., நடு ஏ-வுக்கு 0.9, அடி ஈ-க்கு 1.2 என்று வைத்தால் எல்லாத் தந்தியிலும் இழுவிசை மூன்றரை கிலோவை ஒட்டியே இருக்கும்.

இப்போது இன்னொரு தொல்லை வரும். லைராவின் இந்தச் சுர எல்லை கிட்டாரில் நீங்கள் கார்டு பிடிக்கும் நடுப்பகுதியேதான். விட்டுக்கொடுக்க வேண்டியது நீங்கள். லைராவுக்கு வேறு போக்கிடம் இல்லை. நீங்கள் 5, 6ஆம் தந்திகளில் மூலச்சுரமும் முதல் தந்தியில் மெட்டும் வைத்துக்கொண்டு நடுவைக் காலியாக விடுங்கள்.

கார்டு விஷயத்தில் ‘அதே ஏழு சுரம்’ என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். அந்த ஏழையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள். நான்கு சுரக் கட்டுகள் இரண்டு, நடு ஏ-வில் கோத்துக்கொள்ளும் பழைய அமைப்பு: ஈ, எஃப், ஜி, ஏ, பி ஃப்ளாட், சி, டி. அப்படியே எஃப் மேஜரின் ஏழு சுரங்கள். ஜி மைனர் செவன், சி செவன், எஃப் மேஜர் செவன் என்ற ஜாஸின் அன்றாட நடை முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது.

பழைய குவளை ஓவியங்களில் வலக்கை பிக்கால் (மீட்டும் துண்டால்) தந்திகளைத் தடவும். இடக்கை விரல்கள் பின்னாலிருந்து தந்திகளைத் தொட்டு நிற்கும். வேண்டாத தந்தியை அடக்கத்தான் அது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். நண்பர் அதையே செய்யட்டும். அடியிலிருந்து எண்ணினால் (கிட்டாரில் எண்ணுவதற்கு நேர்மாறாக), 1, 4, 6ஐ அடக்கித் தடவினால் ஜி மைனர் செவன். 2, 4, 7ஐ அடக்கினால் சி செவன். 3, 5, 7ஐ அடக்கினால் எஃப் மேஜர் செவன். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஈ-யும் எஃப்-உம் அந்த இறக்கத்தில் உறுமும். 2ஐயும் சேர்த்து அடக்கச் சொல்லுங்கள், எஃப்-ஐ நீங்கள் 6ஆம் தந்தியில் கொடுத்துவிடலாம்.

ருசியான இடம் ஒன்று உண்டு. சி செவனின் மூன்றாம் சுரம் ஈ, ஏழாம் சுரம் பி ஃப்ளாட். ஜி ஃப்ளாட் செவனுக்கும் இதே இரண்டுதான், இடம் மட்டும் மாறும். ஆகவே நண்பர் 1, 5 இரண்டை மட்டும் இடக்கையால் சுண்ட, உங்கள் 6ஆம் தந்தி 3, 2, 1 என்று ஒவ்வொரு ஃபிரெட்டாக இறங்கினால், லைராவில் எதையும் திருகாமலே ஜி மைனரிலிருந்து ஜி ஃப்ளாட் செவன் வழியாக எஃப்-இல் வந்து அமர்வீர்கள். அந்த எஃப்-இல் மட்டும் நண்பர் 5க்குப் பதில் 4ஐச் சுண்டட்டும். பி நேச்சுரலோ டி ஃப்ளாட்டோ கேட்கும் பாடல் என்றால் அந்த இடங்களில் லைரா சும்மா இருக்கட்டும். நடுவில் தந்தியைத் திருகி மாற்ற முயலாதீர்கள்.

ஆர்க்கிட்டாஸ் சுருதி உரசுவது இரண்டே தந்திகளால். நான்கு சுரக் கட்டை அவர் பிரிக்கும் டயடோனிக் முறையில் ஈ-க்கும் எஃப்-க்கும் இடைவெளி 28:27, அதாவது 63 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). கிட்டாரில் 100. எஃப் 37 சென்ட் தாழ்ந்து நிற்கும். ஏ-வுக்கு மேலுள்ள பி ஃப்ளாட்டும் அதேபோல 39 சென்ட் தாழும். மற்ற தந்திகளின் விலகல் 8 சென்டுக்குள் அடங்கிவிடுவதால் அவை காதில் உறுத்தாது. மேலே சொன்ன கார்டுகளுக்கு எஃப், பி ஃப்ளாட் இரண்டையும் டியூனர் காட்டும் சுரத்துக்கே ஏற்றிவிடுங்கள், வீம்பு வேண்டாம். ஆர்க்கிட்டாஸை ஈ-யை ஆதாரமாகப் பிடித்து மெதுவாகப் போகும் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிட்டாரின் ஈ, ஏ, டி, ஜி திறந்த தந்திகள் அப்படியே பொருந்தும். பி தந்தியை மட்டும் லைராவின் பி ஃப்ளாட்டோடு காதால் சேர்த்து இறக்குங்கள். எஃப் வேண்டுமானால் எஃப் ஃபிரெட்டுக்குப் போகாதீர்கள். தந்தியை இழுத்தால் சுரம் ஏறுமே தவிர இறங்காது. ஈ-யைப் பிடித்து, அரைச்சுரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இழுங்கள்.

சுருதி இறங்குவதையும் கவனித்துக்கொள்ளுங்கள், நீங்கள் கேட்காவிட்டாலும் மேடையில் வரும். ஏழும் ஒன்றாக இறங்கினால் காரணம் தந்தியல்ல, முகப்புத் தோல். ஈரக்காற்றில் அது தளர்ந்து, தந்திகளைத் தாங்கும் குதிரை அமுங்கிவிடுகிறது. ஒரே தந்தி இறங்கினால் குறுக்குக் கட்டையில் சுற்றிய தோல்பட்டை வழுக்குகிறது, பிரித்து இறுக்கிச் சுற்றுங்கள். நைல்கட் என்ற செயற்கைக் குடல் தந்தி போட்டால் ஈரத்தொல்லை பாதி குறையும். அடர்த்தி குடலுக்குக் கிட்டத்தட்டச் சமம், ஆகவே அதே விட்டங்கள் போதும்.

மைக்கை முகப்புக்கு 20 செ.மீ. தள்ளி, குதிரையை நேராகப் பார்க்காமல் சற்றுச் சாய்த்து வையுங்கள். கிட்டார் ஆம்ப் லைராவின் முகப்பை நோக்கி இருக்கக் கூடாது. அந்தத் தோல் உங்கள் அடித்தந்தி சுரங்களுக்கெல்லாம் தானாக அதிர்ந்து ஊளையிடத் தொடங்கிவிடும்.