வெயில் நாளில் வந்த வெள்ளம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மாச்சி ஊர் சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடத்துப் படுகையில், கரைக்கு உள்பக்கம். பள்ளிக்கூட லீவு எல்லாம் அங்கேதான். விவரம் தெரிந்த நாளாக நான் பார்த்த கொள்ளிடத்தில் நல்ல தண்ணீர் ஓடியதாக ஞாபகமே இல்லை. கடல் தண்ணீர்தான் உள்ளே ஏறி நிற்கும், அடிபம்பிலும் உப்புக் கரிக்கும். 2017இல் அம்மாச்சி குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கினார். அடுத்த வருடம் ஆகஸ்டில் அதே வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஆடுகள் போயின, மாமாவின் கத்தரித் தோட்டம் போனது, மோட்டார் போனது. "பெய்தும் கெடுக்கும், பெய்யாமலும் கெடுக்கும்" என்று அம்மாச்சி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு விளங்காதது இதுதான். இத்தனை வருடம் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுவிட்டு, வந்ததும் ஏன் ஐயோ என்கிறோம்? அவ்வளவும் வீணாகக் கடலுக்குப் போனதே, தடுத்து வைத்திருந்தால் அடுத்த வறட்சிக்கு ஆகியிருக்காதா? "நாங்கள்தான் கொடுத்தோமே, உங்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை" என்று ஆபீசில் கன்னட நண்பர்கள் கிண்டல் வேறு செய்கிறார்கள். கடைசியாக ஒரு சொந்த விஷயம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. அம்மாச்சிக்கு அதே இடத்தில் நல்ல வீடாகக் கட்டிக் கொடுக்கலாமா, இல்லை சீர்காழிக்கே கூட்டி வந்துவிடலாமா?

மா., ஓசூர்

*

அன்புள்ள மா.,

அம்மாச்சி சொல்வதில் ஒரே ஒரு திருத்தம். அந்த ஆகஸ்டில் உங்கள் ஊரில் சொல்லும்படி மழை பெய்யவே இல்லை. மழை குடகில், வயநாட்டில். கேரளம் மூழ்கியது பாருங்கள், அதே மழை. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி, வந்ததை வந்தபடியே கீழே விட்டார்கள். மேட்டூர் ஜூலை 23ஆம் தேதியே முழு அளவான 120 அடியைத் தொட்டுவிட்டது, ஐந்து வருடம் கழித்து. அதனால் ஆகஸ்டில் வந்த தண்ணீருக்கு அங்கேயும் இடமில்லை. மேட்டூருக்கு வினாடிக்கு 2 லட்சம் கன அடி வந்தது, அதை அப்படியே வெளியே அனுப்பினார்கள். உங்கள் ஊரில் வெயில் கொளுத்துகிறது, துவைத்த துணி வேலியில் காய்கிறது, ஆறு ஏறிக்கொண்டே வருகிறது. மேகத்தைப் பார்த்து, காற்றைப் பார்த்து ஆடு மாடு ஓட்டுகிற ஜனங்கள் இந்த வெள்ளத்தை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? தண்டோரா போட்டார்கள், வாட்ஸாப்பில் வந்தது, எல்லாம் சரிதான். ஆனால் பல வருடமாக "தண்ணீர் வருகிறது" என்ற அறிவிப்பை மட்டுமே கேட்டு, தண்ணீரைப் பார்க்காத ஊர் அது. அந்த அறிவிப்பை யார் நம்புவார்கள்?

அங்கிருந்து உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் கேட்டவர்கள் வேறு, வெள்ளம் வந்து ஐயோ என்றவர்கள் வேறு. இதை நான் ஓரளவு உரிமையோடு சொல்லலாம், ஏனென்றால் நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. 2018 ஆகஸ்டில் டிவியில், திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பில் தண்ணீர் அலையடித்துப் பாய்வதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், எங்கள் வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. நம்பிக்கையில் நேரடி விதைப்புப் போட்டவர்களுக்கு முளைத்த பயிர் கருகுகிற நேரம். டிவியை அணைத்துவிட்டுப் பெரியப்பா, "இந்தத் தண்ணி யாரு வூட்டுக்குப் போவுது?" என்று கேட்டார். உங்கள் அம்மாச்சி வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. எங்கள் வயலுக்கு வரவேண்டியதில் ஒரு சிறு பங்குகூட வரவில்லை, அவருக்கு வேண்டாத அவ்வளவும் அங்கே போயிற்று. ஒரே காவிரி, ஒரே வாரம்.

ஏன் இப்படி? கொள்ளிடம் இயல்பிலேயே காவிரியைவிடத் தாழ்ந்த ஆறு, நேராகவும் ஓடுகிறது. முக்கொம்பில் பிரிகிற தண்ணீருக்கு அந்தப் பக்கம் போவதுதான் சுலபம். அதைத் தடுத்துக் காவிரிப் பக்கம் திருப்பத்தான் ஆர்தர் காட்டன் 1836இல் அங்கே மேலணை கட்டினார். வெள்ளம் வந்தால் மட்டும் கொள்ளிடத்தில் திறந்துவிடுவார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மூன்றும் பாசனத்துக்கான ஆறுகள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் விட்டால் கரை தாங்காது. அதனால் டெல்டாவைக் காப்பாற்றுவது என்றால் கொள்ளிடத்தில் தள்ளுவது என்று அர்த்தம். இது யாருடைய சூழ்ச்சியும் அல்ல, பழைய ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டில் படுகைக்காரர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

இது மட்டும் என்றால் எப்போதும் உள்ள கதை என்று விட்டுவிடலாம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். வறட்சி என்றால் எதுவும் நடக்காமல் கிடந்த காலம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த வருடங்களில்தான் ஆற்றில் எல்லாமே நடந்தது. 2012 தொடங்கிப் பல வருடம், வழக்கமான தேதியான ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை, குறுவைச் சாகுபடி ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் என்றானது. 2016 வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூட இல்லை, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள், விவசாயச் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு மண்டை ஓடுகளோடு டெல்லியில் போய் உட்கார்ந்தார். அதே நாட்களில் காய்ந்த ஆற்றுக்குள் லாரிக்குச் சாலை போட்டு மணல் அள்ளினார்கள். தண்ணீர் ஓடும் ஆற்றில் அவ்வளவு அள்ள முடியாது தம்பி, வறட்சிதான் அதற்கு வசதி. ஆற்றுத் தரை இறங்கிவிட்டது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற தலைப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பு ஆற்றில் முழங்கால் தண்ணீர் ஓடினாலே வாய்க்காலில் ஏறும், இப்போது ஆள் மட்டத்துக்கு ஓடினால்தான் எட்டிப் பார்க்கிறது. மதகுகளில் ஷட்டர் துருப்பிடித்து இறங்காமல் ஏறாமல் நின்றது. வாய்க்கால் முழுக்கக் காட்டாமணக்கும் கருவையும். தண்ணீர் வராத வாய்க்காலை யார் வெட்டுவார்கள், எதற்கு வெட்டுவார்கள்? 2018 ஜூலை 19இல் மேட்டூரைத் திறந்தபோது பல இடத்தில் அப்போதுதான் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வருகிறது, வேலையை நிறுத்து என்றார்கள், பிறகு வேலை முடியவில்லை, தண்ணீரை நிறுத்து என்றார்கள். இரண்டையும் என் காதாலேயே கேட்டேன்.

கரையும் அப்படித்தான். களிமண் கரை வருடக்கணக்கில் காய்ந்தால் வெடிக்கும். எலி வளை, நண்டு வளை எல்லாம் சேரும். வருடா வருடம் தண்ணீர் ஓடுகிற ஆறாக இருந்தால் சின்னச் சின்னக் கசிவு தெரியும், மூங்கில் அடித்து, சாக்கு அடுக்கி, வைக்கோல் வைத்து அங்கங்கே அடைத்துவிடுவார்கள். பல வருடம் சோதிக்காத கரையில் திடீரென்று முழு வெள்ளம் வந்தால், எங்கே பலவீனம் என்பது உடைந்த பிறகுதான் தெரியும். திருச்சியில் 1928இல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் இறங்கின. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. 182 வருடக் கட்டுமானம், வயதாகிவிட்டது என்றது அரசு. மணல் எடுத்ததால் அடித்தளம் போனது என்றார்கள் விவசாயிகள். நான் விவசாயிகள் பக்கம், ஆனால் அதை விடுங்கள். 1924 பெருவெள்ளத்தையும் பார்த்துவிட்டு நின்ற அணை அது, அதை மறந்துவிடக் கூடாது.

உங்கள் மாமாவின் கத்தரித் தோட்டம் எங்கே இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். என் ஊகம், அவருடைய அப்பா காலத்தில் அந்த இடத்தில் தோட்டம் இருந்திருக்காது. ஆற்றில் தண்ணீர் வராது என்று ஆனபோது பயிர் உள்ளே உள்ளே இறங்கியது. மேட்டில் ஊற்று உப்பானதால் ஆற்றுப் பக்கம்தான் நல்ல தண்ணீர் கிடைத்தது, அங்கே மோட்டார் இறக்கினார்கள். குறை சொல்லவில்லை, பிழைக்க வேண்டுமே. ஆனால் வெள்ளம் முதலில் எடுத்தது அதைத்தான். அந்த நிலத்துக்குப் பெரும்பாலும் பட்டா கிடையாது, கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஏறாது, நிவாரணப் பட்டியலில் பெயர் வராது. நாதல்படுகை, முதலைமேடு திட்டுப் பக்கம் அந்த நாட்களில் நண்பர்களோடு அரிசியும் பாயும் கொண்டுபோனேன். கரைமேல் மாட்டையும் ஆட்டையும் கட்டிவிட்டு அங்கேயே சமைத்துக்கொண்டிருந்தார்கள். முகாமுக்கு வரச் சொன்னால் மாட்டை யார் பார்ப்பது என்றார்கள். ஒரு அம்மா ரேஷன் அட்டையையும் நகை அடகு ரசீதையும் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மடியில் வைத்திருந்தார். அவர் தண்ணீரைத் திட்டவே இல்லை. மோட்டாருக்கு வாங்கிய கடன் இன்னும் பாதி இருக்கிறது, மோட்டார் மணலுக்குள் இருக்கிறது, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வறட்சியில் வாங்கிய கடன், வெள்ளத்தில் போன பொருள். "தண்ணீர் கேட்டீர்களே" என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

தண்ணீர் வடிந்த பிறகும் ஒரே மாதிரி இல்லை. சில கொல்லைகளில் வண்டல் படிந்தது, அடுத்த வருடம் விளைச்சல் நன்றாகவே வந்தது என்றார்கள். பக்கத்துக் கொல்லையில் மணல் மேவி, பொக்லைன் வைத்து அள்ளினால்தான் உண்டு என்றானது.

சரி, கடலுக்கு வீணாகப் போன தண்ணீர். ஒரு கணக்கு போடுவோம். வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. 2 லட்சம் கன அடி என்றால் நாளைக்கு 17 டிஎம்சிக்கு மேல். மேட்டூரின் மொத்தக் கொள்ளளவே 93.47 டிஎம்சிதான், ஐந்தரை நாளில் ஒரு மேட்டூர் ஓடிவிடும். இதை எங்கே தடுத்து வைப்பீர்கள்? சமவெளியில் பள்ளத்தாக்கு கிடையாது. கொள்ளிடத்துக்குக் குறுக்கே ஷட்டர் வைத்துக் கட்டுகிற ஆதனூர்–குமாரமங்கலம் கதவணை பற்றிப் படித்திருப்பீர்கள், அதில் அரை டிஎம்சிகூடத் தேங்காது. அதனால் அது வேண்டாம் என்று சொல்லவில்லை, நிலத்தடி நீருக்கும் உப்பு ஏறாமல் இருக்கவும் கதவணை நல்லதுதான், நானே ஆதரிக்கிறேன். வெள்ளத்தைச் சேமிக்கும் என்று சொல்லி விற்காதீர்கள் என்பதுதான். அப்புறம், கடலுக்குப் போவது வீண் என்பதை உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எழுதலாமா? உங்கள் அடிபம்பு கரித்தது ஆற்றிலிருந்து நல்ல தண்ணீர் வந்து தள்ளாததால்தானே? கொள்ளிடம் கடலில் சேருகிற பழையாறு முகத்துவாரத்தில் மீன்பாடு பற்றி அங்குள்ளவர்களிடம் கேளுங்கள், பிச்சாவரம் அலையாத்திக் காட்டையும் பாருங்கள். கொஞ்சம் போகத்தான் வேண்டும்.

எனக்கு வேண்டியது பெரிய அணை அல்ல. அந்த வெள்ளத்தில் நூற்றில் ஐந்து பங்கு எங்கள் ஏரிக்கும் குளத்துக்கும் வந்திருந்தால் போதும். அதற்குத் தலைப்பு மதகும், ஷட்டரும், வாய்க்காலும் கோடையிலேயே தயாராக இருந்திருக்க வேண்டும். வறட்சி வருடத்தில் அதற்குப் பணம் ஒதுக்குவது சிரமம், தண்ணீரே இல்லை, வாய்க்கால் எதற்கு என்பார்கள். நல்ல தண்ணீர் வருடத்தில் வேலை செய்ய முடியாது, ஆற்றில் தண்ணீர் நிற்கிறது என்பார்கள். அந்த வருடம் எங்களுக்கு ஒருவழியாகத் தண்ணீர் வந்து சம்பா எழுந்து நின்றபோது நவம்பர் 16இல் கஜா புயல் வந்தது. அது தனிக் கதை, இன்னொரு நாள்.

கன்னட நண்பர்களுக்குப் பெரிய பதில் தேவையில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டிஎம்சி விடவேண்டும் என்று சொன்னது, அதை மாதவாரியாகத் தரவேண்டும். ஜூனில் கேட்கும்போது வராமல், அணை தாங்காதபோது ஒரே வாரத்தில் வருவதைக் கொடுத்தது என்று சொல்ல முடியாது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். குடகில் அந்த மழையில் மலை சரிந்து வீடிழந்தவர்களும் இருக்கிறார்கள், அதையும் விசாரியுங்கள்.

வீடு விஷயம். முதலில் அம்மாச்சியிடம் கேளுங்கள். என்னிடம் கேட்ட மாதிரி "அங்கேயா இங்கேயா" என்று கேட்காமல், மாட்டை யாரிடம் விடுவது, பேச்சுத் துணைக்கு யார், அங்கிருந்தால் வெள்ளத்தில் யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 2022இலும் அந்தப் பக்கம் வெள்ளம் வந்தது, இனி வராது என்று எந்தக் கணக்கிலும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் படுகைக்குள் பெரிய காசைப் போடாதீர்கள். கரைக்கு வெளியே, நடந்துபோகிற தூரத்தில், பட்டா உள்ள ஒரு சின்ன மனை கிடைக்குமா என்று பாருங்கள். பகலில் பழைய இடத்துக்குப் போய் வரட்டும், ராத்திரி மேட்டில் படுக்கட்டும். சீர்காழி டவுனில் மாடி போர்ஷனில் வைத்தால் ஒரு மாதம் தாங்கமாட்டார். அங்கேயேதான் என்று பிடிவாதம் பிடித்தால், 2018இல் சுவரில் தண்ணீர் நின்ற தடம் இன்னும் தெரியும், அதற்கு மேல் இரண்டடி வைத்துத் தளம் போடுங்கள், மாட்டுக்கும் ஏறுகிற மாதிரி சரிவு விடுங்கள். கொத்தனார் செலவு அதிகமாகும் என்பார், கேட்காதீர்கள். வேலையைத் தை முடிந்ததும் தொடங்கினால் ஆனிக்குள் முடித்துவிடலாம். மனை பார்த்தால் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். ஆற்றுப் புறம்போக்கைப் பட்டா நிலம் என்று விற்கிறவர்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.