போனவளை விட்டுவிடலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நான்கு பேர், கல்லூரித் தோழிகள். இரண்டு வருடம் முன்பு என் கணவருக்கு வேறொரு தொடர்பு இருப்பது தெரிந்தபோது இவர்களிடம்தான் முதலில் சொன்னேன். அதன் பிறகே ஒவ்வொருத்தியும் வாய் திறந்தாள். ஒருத்தி விவாகரத்து வழக்கில் இருக்கிறாள். இன்னொருத்தியின் கணவர் ஒன்றரை வருடமாக அவளோடு பேசுவதில்லை. தினமும் ராத்திரி போனில் கூடிவிடுவோம். அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேனோ.

நான்காமவள் கணவரைப் பிரிந்து தனியாக இருந்தாள். போன மாதம் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவரிடமே திரும்பிப் போய்விட்டாள். எங்களுக்கு அது துரோகமாகப் படுகிறது. அவளை விட்டுவிடலாமா? "உன்னைக் கெடுப்பதே அந்தக் கூட்டம்தான்" என்கிறார் என் கணவர். சில சமயம் எனக்கே சந்தேகம்: நாங்கள் தைரியம் கொடுத்துக்கொள்கிறோமா, புண்ணைச் சொறிந்துகொள்கிறோமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொன்னதை ஒதுக்கிவைத்துவிடலாம். தான் செய்தது நாலு பேருக்குத் தெரிந்துவிட்ட சங்கடம் அது. உங்கள் சந்தேகம் அப்படியல்ல, அதில் விஷயம் இருக்கிறது.

2002இல் அமண்டா ரோஸ் என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தார். ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்பவர்களிடம் நெருக்கமும் அதிகம் இருந்தது, மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் இருந்தன. அது பிள்ளைகளைப் பற்றியது என்றாலும் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படிப் பேசித் தீர்த்த ராத்திரிகள் உண்டு. பேசி முடித்ததும் பாரம் இறங்கியதுபோல இருக்கும், காலையில் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பேன். உங்கள் பேச்சில் நேற்று இல்லாத ஒன்று இன்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒருத்தி வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த கதை, வேலைக்கு மனுப் போட்ட கதை, அட, ஒரு சிரிப்புக் கதையாவது.

ஆனால் பேச்சுக்கு இன்னொரு வேலை உண்டு, அதை ஆராய்ச்சியில் அளப்பது கஷ்டம். என் மணவாழ்க்கை ஆட்டம் கண்ட நாட்களில் ஒரு தோழி நான் சொன்னதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து, "அப்படியொன்றும் பெரிதாக நடக்கவில்லை, நான்தான் மிகைப்படுத்திவிட்டேன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் வாதாடவில்லை. நோட்டை எடுத்து என் வார்த்தைகளை எனக்கே படித்துக் காட்டினாள். என்ன முடிவெடு என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இனி உங்கள் நான்காமவள். சங்கப் பாடல்களில் மூன்று பெண்கள் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். ஆதிமந்தி, காணாமல் போன தன்னவனை விழாக்கூட்டத்திலும் துணங்கை ஆடும் இடத்திலும் தேடிச் சலித்ததைக் குறுந்தொகையில் (31) பாடுகிறாள். அகநானூற்றில் (45) வெள்ளிவீதி, காதலனைத் தொலைத்த 'ஆதிமந்தி போல' நானும் பேதுற்று உழல்வேனோ என்கிறாள். அதே அகநானூற்றில் (147) ஔவை, 'வெள்ளிவீதியைப் போல' நானும் கிளம்பிவிடத் துடிக்கிறேன் என்கிறாள். தன் துயரத்தைச் சொல்ல ஒருத்திக்கு இன்னொருத்தியின் பெயர் தேவைப்படுகிறது. என்னை நிறுத்துவது அந்தப் 'போல'தான். வெள்ளிவீதி ஆதிமந்தியாகிவிடவில்லை, ஔவை வெள்ளிவீதியாகிவிடவில்லை. நீங்கள் நால்வரும் எங்கோ ஓர் இடத்தில் 'போல'வைத் தொலைத்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். நால்வருக்கும் ஒரே கதை, ஆகவே ஒரே முடிவு என்று ஆகிவிட்டது. அவள் சொல்லாமல் போனதற்குக் காரணம் உங்கள் மேல் அன்பில்லாதது அல்ல. சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று அவளுக்கு மனப்பாடம்.

அவள் முதலில் ஏன் பிரிந்து வந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. வெறும் மனக்கசப்பு என்றால் திரும்பிப் போவது அவள் இஷ்டம், நன்றாகவும் இருக்கலாம். அடி உதை என்றால் விஷயம் வேறு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரே முறையில் வெளியேறிவிடுபவர்கள் குறைவு, பலரும் போய்ப் போய்த் திரும்புகிறார்கள். அடிக்கிறவன் பெரும்பாலும் முதலில் செய்வது அவளை அவளுடைய மனிதர்களிடமிருந்து பிரிப்பது. அந்த வேலையை நீங்களே அவனுக்குச் செய்துகொடுக்காதீர்கள்.

அதனால் விட வேண்டாம். மூன்று பேரும் சேர்ந்து கூப்பிட வேண்டாம், பஞ்சாயத்துபோல இருக்கும். நீங்கள் மட்டும் கூப்பிடுங்கள். ஏன் போனாய் என்று கேட்காதீர்கள், வேறு எதையாவது பேசுங்கள். அவள் எடுக்காமல் போகலாம். இரண்டு வாரம் விட்டு இன்னொரு முறை அடியுங்கள்.