குளிர்காலத்தில் கீசர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது, அடைத்துவிடலாமா?

தயவுசெய்து அடைக்காதீர்கள். கீசருக்கு அடியில், குளிர்ந்த தண்ணீர் நுழையும் குழாயில் இருக்கும் அந்தச் சின்ன வால்வுதான் டேங்க் வெடிக்காமல் காக்கிறது.

10 டிகிரியில் நுழையும் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 1.7 சதவீதம் விரியும். 25 லிட்டர் கீசரில் அது இரண்டு டம்ளர் வரும். மார்கழியில் தண்ணீர் சில்லென்று வருவதால் விரிவும் கூடுதல். அந்த உபரிக்குப் போக வழி வேண்டும். அதனால் சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் சரி.

ஆறிய பிறகும் ஓயாமல் சொட்டினால் கவனியுங்கள். எங்கள் வீட்டு வால்வைக் கழற்றியபோது வெள்ளை வெள்ளையாக உப்பு படிந்து, துளையே பாதி மூடியிருந்தது, உடனே மாற்றினோம். பிரஷர் பம்ப் இருந்தால், அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றையும் பிளம்பரிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். அப்புறம், சொட்டும் குழாயின் வாய் எப்போதும் திறந்தே இருக்கட்டும்.